ஒரு கேள்வி பின்னால்

ஐந்து ரோட்டுக்குப் பக்கம்
டயர்க் கடை மாடியில் என் அலுவலகம்.
மூன்று வருடத்தில்
ஒரே வேலையை மூன்று முறை எழுதியிருந்தேன்.

ஆத்தூர் சேகோ ஆலையின் எடைமேடைக்கு ஒருமுறை.
அஸ்தம்பட்டி மருந்துக்கடையின்
மின்னஞ்சல் சர்வருக்கு ஒருமுறை:
வணக்கம் சொல்லாமல் பேசினால்
அதற்குக் கோபம் வரும்.
ஏற்காட்டு மலையில், நாகலூர் காப்பித் தோட்டத்து
மழைமானிக்கு ஒருமுறை.

மூன்றுக்கும் இலக்கணம் ஒன்றுதான்.
கதவைத் தட்டு.
ஒரு வரி சொல். ஒரு வரி கேள்.
வரும் மூன்று இலக்கத்தில் முதல் எண்
இரண்டென்றால் சரி,
நான்கென்றால் அப்புறம் வா,
ஐந்தென்றால் வரவே வராதே.
எண்ணை ஒட்டிச் சின்னக் கோடு இருந்தால்
இன்னும் சொல்ல இருக்கிறது.
கோடு இருக்குமிடம் வெற்றிடமாக இருந்தால்
சொல்லி முடிந்தது.
கடிதம் தீர்ந்ததற்கு அடையாளம்
தனி வரியில் ஒற்றைப் புள்ளி;
தலையில் புள்ளி விழுந்த எழுத்தைப் போல
அத்தோடு வாய் மூடும்.

ஆடி மாதம், கரண்ட் போன ஒரு மத்தியானம்,
லேப்டாப்பில் மிச்சமிருந்த நாற்பது சதவீதத்தில்
மூன்றையும் அழித்துவிட்டு
ஒரே கிளாஸ் எழுதினேன்.
பெயர் 'பேச்சு'.
அதற்கு எடை தெரியாது, மழை தெரியாது.
சொல்லவும் காத்திருக்கவும் மட்டும் தெரியும்.
யார் வேண்டுமானாலும் அதிலிருந்து பிறக்கலாம்,
தன் சொற்களைத் தானே கொண்டுவர வேண்டும்.
இருநூற்றுப் பத்து வரி.
கர்வமாகத்தான் இருந்தது.
கீழே இறங்கிப் போய் எனக்கு நானே
தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன்.

ஐப்பசி. மலையில் விடாத மழை.
காலையில் பெனடிக்ட் கூப்பிட்டார்,
தோட்டத்துக் கணக்கர்:
"ராத்திரி மழை பத்தொம்பது மில்லிதானாம்,
உங்க மிஷின் சொல்லுது மேடம்.
இங்க பதினாலாவது வளைவுல
பாறை உருண்டு கெடக்குது."
அப்புறம் சிரித்தார்.
"குளிர் எவ்ளோ தெரியுமா?
நூத்தி முப்பத்தோரு டிகிரி."

பதிவைப் பிரித்துப் பார்த்தேன்.
இரவு பதினொன்று நாற்பதுக்கு
'மழை?' என்று கேட்டிருக்கிறது என் பேச்சு.
முப்பது வினாடி பொறுத்தது.
பதில் இல்லையென்று எழுதிக்கொண்டு
'குளிர்?' என்றது.
அப்போதுதான் மேகத்துக்குள்ளிருந்து
வளைவு வளைவாக இறங்கி வந்து சேர்ந்தது
மழையின் பதில்.
குளிரென்று வாங்கி வைத்துவிட்டது.
மறுபடி 'மழை?' என்றால்
வந்து நின்றது குளிர்.
விடியும்வரை இப்படியே.
ஒரு பதில்கூடப் பொய்யில்லை,
எல்லாம் ஒரு கேள்வி பின்னால்.
எல்லாவற்றின் நெற்றியிலும் இருநூறு:
சரி, சரி, சரி.

திருத்தம் இரண்டே வரி.
தாமதித்தால் கதவைச் சாத்திவிட்டு
மறுபடி தட்டு.
கேட்கும் முன்
வாசலில் கிடப்பதை வாரி வெளியே கொட்டு.

சேமித்துவிட்டு எழுந்த பிறகுதான் உறைத்தது,
எடைமேடையும் இதற்குப் பிறந்ததுதானே.

செவ்வாய்க்கிழமை, மாலை நான்கரை.
எண் வரவில்லையென்று யாரோ
பட்டனை இரண்டாம் முறை அழுத்தியிருக்கிறார்கள்.
அதிலிருந்து ஆறு லாரிகள்.
தும்பல் சின்னப்பையன் கொண்டுவந்த மரவள்ளிக்கு
முன்னால் போன லாரியின் எடை.
அவருடைய கிழங்கின் எடை
பின்னால் வந்தவர் சீட்டில்.
எண்ணூற்று எழுபது கிலோ அவருக்குக் குறைவு.
கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கிப் போயிருக்கிறார்.

கிளாஸில் அதற்கென்று ஒரு கட்டளை கிடையாது.
ஆலை மேலாளர் சௌந்தரியம்மாளின் நம்பரை எடுத்தேன்.
மணி அடித்தது. எடுத்தார்.
தப்பு மிஷின்மேல் இல்லை,
என்மேல் என்றேன்.
ஆறு சீட்டு எண்களையும் வாசித்தேன்.

பக்கத்தில் பெல்ட் ஓடும் சத்தம்.
யாரோ மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"சரி" என்றார்.

அந்தச் சரியை ஒட்டி இருப்பது
கோடா, வெற்றிடமா?
போனைக் காதோடு அழுத்தியபடி
நின்றுகொண்டிருந்தேன்.